வீடெல்லாம் நாய், பூனை முடியா? துடைப்பத்தை எடுப்பதற்கு முன் படியுங்கள்

எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு நாய், ஒரு வெள்ளைப் பூனை. எந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு கிளம்பினாலும் இரண்டில் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் ஆண்டு முழுவதும் நான் செய்தது பெருக்குவது ஒன்றுதான். காலையில் பெருக்கினேன், மாலையில் பெருக்கினேன். பெருக்கி முடித்துத் துடைப்பத்தைச் சாத்தும்போதே கட்டிலுக்கு அடியிலிருந்து அடுத்த முடி உருண்டை எட்டிப் பார்க்கும். ஆத்திரத்தில் பெரிய தொகை கொடுத்து வாக்குவம் கிளீனர் வாங்கினேன். ஆறே மாதத்தில் அதன் சுழல் பிரஷில் முடி கயிறு போலச் சுற்றி, உள்ளே இருந்த பெல்ட் அறுந்தது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாயையும் பூனையையும் வாரும் பிரஷில் சிக்கிய முடி சோபாவுக்கு வராது. கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கை ஒட்டியவைதான். நாய், பூனை இருக்கும் வீட்டில் முடியே இல்லாமல் செய்ய முடியாது. அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். மூன்று நான்கு வாரம் விடாமல் செய்தால், தினமும் பெருக்கிய இடத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை பெருக்கினால் போதும் என்ற நிலைக்கு வரலாம். முதல் வாரத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள்.

1. உதிர்வது இயல்பா, நோயா?

இதைப் பார்க்காமல் பிரஷ் வாங்கக் கிளம்பாதீர்கள். இயல்பாக உதிரும் முடி உடம்பு முழுவதும் பரவலாகக் கொட்டும். தோல் வெளியே தெரியாது. வட்ட வட்டமாக வழுக்கை, சிவந்த தோல், பொருக்கு, ஓயாத சொறிதல், கெட்ட வாடை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நாயின் இரு விலாப்புறமும் ஒரே மாதிரி, அரிப்பே இல்லாமல் முடி கொட்டினால் தைராய்டு குறைவு போன்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். பூனையின் வயிற்றிலும் உள்தொடையிலும் முடி மழித்ததுபோலக் குட்டையாகிவிட்டால், அது தானாக உதிர்ந்திருக்காது; பூனையே நக்கி நக்கித் தேய்த்திருக்கும். அதற்கு அரிப்பும் காரணமாகலாம், வலியோ மன அழுத்தமோ கூட இருக்கலாம். வழுக்கை வட்டம் படர்தாமரையாக இருந்தால் அது உங்களுக்கும் தொற்றும்.

தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஈரமான வெள்ளைத் தாளின் மேல் நாயை நிறுத்தி அதன் முடியை வாருங்கள். விழும் கரும்பொடி தாளில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சம். செரித்த ரத்தம்தான் அந்த நிறம். மருந்து போடும்போது ஓர் எச்சரிக்கை. நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையின் உயிருக்கே ஆபத்து. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் மருந்து வாங்கும்போதே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியவை: தடுப்பூசிக் குறிப்பேடு, கடைசியாக உண்ணி, தெள்ளு மருந்து கொடுத்த தேதி, உணவுப் பையின் மேலுறைப் படம், முடி கொட்டிய இடத்தைப் பகல் வெளிச்சத்தில் வார இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று படங்கள். நான் முதல் முறை வெறுங்கையோடு போனேன். “எப்போது தொடங்கியது?” என்ற கேள்விக்கே பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

குட்டி போட்டு இரண்டு மூன்று மாதத்தில், அல்லது கடும் காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு, மொத்தமாக முடி கொட்டுவதுண்டு. பெரும்பாலும் தானே திரும்ப வளர்ந்துவிடும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

2. எந்த வகை முடி என்று பாருங்கள்

நாயின் முதுகில் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே நீளமான முரட்டு முடியும் அதற்கு அடியில் பஞ்சு போன்ற மென்முடியும் தெரிந்தால் அது இரட்டை அடுக்கு. ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் எல்லாம் இந்த வகை. பகல் பொழுதின் நீளம் மாறும்போது, அதாவது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அடிமுடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். எப்போதும் விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாயும் பூனையும் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ப்பதுண்டு.

லாப்ரடாரின் முடி குட்டையாக இருப்பதால் உதிராது என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். குட்டை முடிதான் துணிக்குள் ஊசிபோலக் குத்தி நிற்கும். பூடில் போன்ற சுருள்முடி நாய்கள் வீட்டில் அதிகம் கொட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் உதிர்ந்த முடி சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு சடையாகும். அங்கே வேலை குறைவதில்லை, தரையிலிருந்து நாயின் மேல் ஏறிக்கொள்கிறது.

வெயில் காலத்தில் மொட்டையடித்துவிட்டால் தொல்லை தீரும் என்று யாராவது சொல்வார்கள். இரட்டை அடுக்கு நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். அந்த முடிதான் வெயிலையும் தடுக்கிறது, குளிரையும் தடுக்கிறது. மழித்தால் தோல் வெயிலில் வேகும். சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாகத்தான் திரும்ப வளரும், மாதக்கணக்கில் வளராமலும் போகும். நான் மழிக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்றும் குறையாத முட்டாள்தனம் ஒன்றைச் செய்தேன், அடுத்ததில் சொல்கிறேன்.

3. எதை, எந்த வரிசையில் வாங்குவது

முதல் மாதத்துக்கு மூன்று வகைப் பொருள்கள் போதும்: முடிக்கு ஏற்ற பிரஷ், உலோகச் சீப்பு ஒன்று, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி. மூன்றும் சேர்ந்தாலும் வாக்குவம் கிளீனர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

குட்டை முடிக்கு ரப்பர் முள் பிரஷ். இரட்டை அடுக்குக்கு இடைவெளி விட்ட பற்கள் கொண்ட ரேக் எனும் வாரி, கூடவே மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ். நீள முடிப் பூனைக்கு உலோகச் சீப்பும் மென்மையான ஸ்லிக்கரும். ஸ்லிக்கர் வாங்கும் முன் அதை உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அதற்கும் எரியும்.

முடி உதிர்க்கும் பிளேடு என்று விற்கும் கருவி ஒன்று உண்டு. நான்கே இழுப்பில் மலை போல முடி வரும், மனம் குளிரும். அந்தக் குளிர்ச்சியில்தான் நான் மோசம் போனேன். நன்றாக வருகிறதே என்று ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டே இருந்தேன். அடிமுடியோடு மேல்முடியும் அறுபட்டு, நாயின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு விழுந்துவிட்டது. சரியாகப் பல மாதங்கள் ஆயின. அந்தக் கருவி வேண்டுமென்றால் உதிரும் பருவத்தில் மட்டும், வாரம் ஒருமுறை, ஓர் இடத்தில் மூன்று நான்கு இழுப்புக்கு மேல் வேண்டாம்.

துணியில் உருட்டும் ஒட்டுத்தாள் உருளை தீரத் தீர வாங்க வேண்டியது. அதாவது தொடர் செலவு. வாசலில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியே கிளம்பும்போது மட்டும் எடுங்கள். சோபாவுக்கு அதைப் பயன்படுத்தினால் ஒரு மாலையிலேயே ஓர் உருளை தீர்ந்துபோகும்.

4. வாருவது எப்படி

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

முதல் சில நாள் பிரஷைத் தரையில் வைத்து முகர விடுங்கள். தின்பண்டம் கொடுங்கள். மறுநாள் இரண்டு இழுப்பு, மறுபடி தின்பண்டம். முதல் நாளே அரைமணி நேரம் அமுக்கிப் பிடித்து வாரினால், அடுத்த முறை பிரஷைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். எங்கள் பூனை இரண்டு மாதம் ஒளிந்தது.

இடமும் முக்கியம். பால்கனி, முற்றம், இல்லையென்றால் குளியலறைத் தரை. அறைக்குள் வார வேண்டியிருந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள். எளிதான விஷயம்தான், ஆனால் நான் இதை மறந்து கூடம் முழுவதும் பஞ்சு மழை பொழியவைத்திருக்கிறேன்.

மேலாகத் தடவுவது வாருவது ஆகாது. ஒரு கையால் முடியை மேல்நோக்கி விலக்கித் தோல் கோடாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். பிறகு கையை ஓர் அங்குலம் மேலே நகர்த்தி அடுத்த கோடு. காலில் தொடங்கி முதுகை நோக்கி ஏறினால் விட்டுப்போகாது. காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று சடை விழும் இடங்கள் நான்கு. முடிவில் உலோகச் சீப்பை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போனால்தான் வேலை முடிந்தது.

சடை விழுந்துவிட்டால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனைத் தோல் மெல்லியது. சடையை இழுக்கும்போது தோலும் கூடாரம்போல எழும்பி வரும், எது முடி எது தோல் என்று தெரியாமல் வெட்டிவிடுவீர்கள். சிறிய சடையை வேர்ப்பக்கம் விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். பெரியதை மருத்துவரிடமோ தொழில் தெரிந்தவரிடமோ விட்டுவிடுங்கள். அவர்கள் மின்கத்தரியால் எடுப்பார்கள்.

நேரக் கணக்கு: சாதாரண நாள்களில் நாய்க்கு வாரம் மூன்று முறை, பத்து நிமிடம். கொட்டும் பருவத்தில் தினமும். பூனைக்கு மூன்று நிமிடம் போதும், ஆனால் அடிக்கடி. வாலைச் சுண்டத் தொடங்கினாலோ காதைப் பின்னால் மடக்கினாலோ அந்தக் கணமே நிறுத்துங்கள். அடுத்த எச்சரிக்கை நகத்தில்தான் வரும். பூனையை வாருவதில் இன்னொரு லாபமும் உண்டு. அது நக்கி விழுங்கும் முடி குறையும், ஆகவே கம்பளத்தில் கக்கும் முடியுருண்டைகளும் குறையும்.

வாரிய முடியைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழாய் அடைப்புக்கு ஆகும் செலவு பத்து பிரஷின் விலையைத் தாண்டும். குப்பைப் பைதான் அதற்கு இடம்.

5. குளிப்பாட்டுதல்

நாய்க்கு மாதம் ஒருமுறை பொதுவாகப் போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு, பொடுகும் முடியும் கூடுதலாகத்தான் உதிரும். நமது ஷாம்பு வேண்டாம். நாயின் தோல் நம் தோல் அளவுக்கு அமிலத்தன்மை கொண்டதில்லை, அதற்கென்று இருப்பதை வாங்குங்கள். பூனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், அதை விட்டுவிடுங்கள்.

வரிசை தவறக் கூடாது. முதலில் வாருங்கள், பிறகு நனையுங்கள். சிக்கோடு நனைத்தால் சிக்கு இறுகிச் சடையாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், நுரை முழுதும் போகும்வரை அலசல், நன்றாக உலர்த்தல். உலர்ந்த பின் மறுபடி வாருங்கள். தளர்ந்து நிற்கும் முடி மொத்தமும் அப்போதுதான் வரும். இந்த இரண்டாம் வாரலைத் தவிர்ப்பவர்கள் அடுத்த இரண்டு நாள் வீடு முழுவதும் அதைப் பொறுக்குவார்கள். தொடங்கும் முன் வடிகாலின் மேல் ஒரு சல்லடை மூடியைப் போட மறக்காதீர்கள்.

6. உணவு

மாயமருந்து எதுவும் இல்லை. முடி பெரும்பாலும் புரதத்தால் ஆனது; தோலுக்குப் புரதமும் கொழுப்பும் வேண்டும். அவை போதிய அளவு உள்ள முழுமையான உணவைக் கொடுத்தாலே பாதிக் கவலை தீரும். ஒமேகா-3 மீன் எண்ணெய் வறண்ட தோலுக்கு உதவும், பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கூடினால் வயிற்றுப்போக்கு. மீன் எண்ணெய்க்குப் பதிலாக மீன் ஈரல் எண்ணெயைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் ஏ, டி வைட்டமின்கள் இருக்கின்றன, உடம்பில் சேர்ந்துபோனால் நஞ்சு.

7. படுக்கும் இடத்தைக் குறுக்குங்கள்

நாயும் பூனையும் பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களில்தான் படுக்கின்றன. ஒரு வாரம் கவனித்து அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் துவைக்கக்கூடிய விரிப்பைப் போடுங்கள். நெருக்கமாக நெய்த பருத்தி நல்லது. வெல்வெட்டும் கம்பளியும் முடியை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராது. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு விரிப்பு வைத்துக்கொண்டால் ஒன்று துவைக்கும்போது மற்றொன்று இருக்கும். புதிய சோபா வாங்கும் எண்ணம் இருந்தால் துணியின் சிறு துண்டைக் கடையில் கேட்டு வாங்கி வந்து, பிரஷிலிருந்து எடுத்த முடியை அதன் மேல் தேய்த்துக் கையால் தட்டிப் பாருங்கள்.

8. தரையும் சோபாவும்

காய்ந்த துடைப்பத்தால் வீசிப் பெருக்கினால் முடி எழும்பிப் பறந்து, நீங்கள் போன பிறகு அதே இடத்தில் வந்து உட்காரும். மைக்ரோஃபைபர் மாப்பால் ஒரே திசையில் தள்ளுங்கள், அல்லது வாக்குவம். ஈரமாகத் துடைப்பது அதற்குப் பிறகுதான். முதலிலேயே தண்ணீர் பட்டால் முடி தரையோடு ஒட்டி நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும்.

சோபாவுக்கும் கம்பளத்துக்கும் ரப்பரை மிஞ்சியது இல்லை. கையுறையை லேசாக ஈரமாக்கி ஒரே திசையில் இழுங்கள், முடி திரியாகச் சுருண்டு வரும். கம்பளத்துக்குக் கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பரைக் குட்டைக் குட்டையாக இழுத்துப் பாருங்கள். நாள்தோறும் வாக்குவம் போட்ட கம்பளத்திலிருந்து எனக்கு முதல் நாள் ஒரு கிண்ணம் நிறைய வந்தது. காற்று வறண்டிருக்கும்போது நிலைமின்னூட்டத்தால் முடி துணியோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் சிறிது ஈரம் தேவைப்படுகிறது. வாசனை எண்ணெய் கலந்த தெளிப்பான்களை இதற்கென்று யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். தேயிலை மர எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு.

வாக்குவம் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சுழல் பிரஷைக் கழற்ற முடியுமா, வடிகட்டி தனியாகக் கிடைக்குமா. இரண்டுக்கும் ஆம் என்றால் மற்றதைப் பேசலாம். வாரம் ஒருமுறை பிரஷைக் கழற்றிச் சுற்றிய முடியைக் கத்தரித்து எடுங்கள். குப்பைக் கலம் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். கழுவிய வடிகட்டியை ஒரு நாள் முழுவதும் காயவிட்ட பிறகே மாட்டுங்கள். தானியங்கி ரோபோ வாங்கியவர்களுக்கு ஒரு சொல்: குட்டி நாய் உள்ள வீட்டில் நீங்கள் இல்லாத நேரத்தில் அதை ஓடவிடாதீர்கள். குட்டி வீட்டுக்குள் மலம் கழித்திருந்தால், ரோபோ அதை அறை அறையாகப் பகிர்ந்தளித்துவிடும்.

9. துணி துவைத்தல்

முடி ஒட்டிய துணியை நேராக வாஷிங் மெஷினில் போடாதீர்கள். ஈரத்தில் முடி திரண்டு துணியோடு பின்னிக்கொள்ளும், மிச்சம் வடிகட்டியில் போய் அடைக்கும். வெளியே உதறுங்கள். துணி உலர்த்தும் இயந்திரம் (டிரையர்) இருந்தால் சூடில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு அதன் வடிகட்டியில் சேர்ந்ததை எடுத்தெறிந்த பிறகு துவையுங்கள். டிரம்மை அடைத்து நிரப்பாதீர்கள், கூடுதலாக ஓர் அலசல் கொடுங்கள். விரிப்புகளை நம் உடைகளோடு சேர்க்க வேண்டாம். துவைத்து முடித்ததும் டிரம்மை ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, மாதம் ஒருமுறை மெஷினின் கீழ்ப்புற வடிகட்டியைத் திறந்து பாருங்கள். முதல் முறை திறக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

10. கண்ணில் படாத இடங்கள்

ஏ.சி. வடிகட்டி, மின்விசிறி இறக்கை, கணினியின் காற்றுத்துளை, குளிர்பதனப்பெட்டியின் பின்புறக் கம்பிச்சுருள். ஏ.சி. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். அடைத்துக்கொண்டால் குளிர்ச்சி குறையும், மின்கட்டணம் ஏறும். மற்றவற்றை மின்இணைப்பைத் துண்டித்த பிறகே சுத்தம் செய்யுங்கள்.

11. வெளியே கொடுத்துச் செய்வதானால்

கொட்டும் பருவத்தில் ஒருமுறை தொழில்முறை குரூமிங் நிலையத்தில் கொடுப்பது செலவுக்கு உகந்ததுதான். அங்கே காற்றைப் பீய்ச்சி அடிமுடியை வெளியேற்றும் கருவி இருக்கும், வீட்டில் ஒரு வாரம் வாரினாலும் வராதது ஒரு மணி நேரத்தில் வரும். பல நிலையங்களில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். தேதி காலாவதியாகியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், முன்பணமும் போகலாம். முன்பதிவு செய்யும்போதே என்னென்ன கட்டணத்தில் அடங்கும், சடைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “மழிக்க வேண்டாம்” என்பதையும் எழுத்திலேயே கொடுங்கள். வாயால் சொன்னது உள்ளே வேலை செய்பவரின் காதுக்குப் போகாது.

12. ஒவ்வாமை இருந்தால்

வீட்டில் யாருக்காவது தும்மல், மூச்சிரைப்பு என்றால் முடியைக் குறைப்பது மட்டும் போதாது. பூனை ஒவ்வாமையின் முக்கியக் காரணம் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உண்டாகும் ஒரு புரதம். முடி அதைச் சுமந்து திரியும் வாகனம்தான். முடியே இல்லாத பூனையும் அதைச் சுரக்கும். ஒவ்வாமை உள்ளவர் வாரவே கூடாது, வேறொருவர் வீட்டுக்கு வெளியே வாரட்டும். படுக்கையறைக் கதவை மூடியே வையுங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டிக்குச் செலவழிப்பது இந்த ஒரு வீட்டில்தான் நியாயம். மூச்சிரைப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை.

13. வாடகை வீடும் விருந்தினரும்

குடிபோகும் முன் ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது, காலி செய்யும்போது சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் என்று வாசியுங்கள். கம்பளம், திரைச்சீலை, ஏ.சி. வடிகட்டி ஆகியவற்றை முதல் நாளே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். முன்பு குடியிருந்தவரின் பூனை முடிக்கு நான் ஒருமுறை பணம் கட்டியிருக்கிறேன். அப்போது என்னிடம் பூனையே இல்லை, நாய் மட்டும்தான். நிரூபிக்கக் கையில் ஒரு படமும் இல்லை. காலி செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே கம்பளத்தை ரப்பர் வைப்பரால் இழுக்கத் தொடங்குங்கள். ஒரே நாளில் அது வராது.

விருந்தினர் வரும் நாளின் காலையில் நாயை வாராதீர்கள். பிரஷ் தளர்த்திவிட்ட முடி அடுத்த சில மணி நேரம் கொட்டிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் காலையில் வாரி, மாலையில் சோபாவைத் துடைத்து, புதிய விரிப்பைச் சுருட்டி வையுங்கள். அதை அழைப்புமணி அடித்த பிறகு விரித்தால் போதும்.